இயன்முறை மருத்துவரும் நோயாளியின் நல்வாழ்வும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இயன்முறை மருத்துவர் என்றால் கைகால்களைப் பிடித்துவிடுபவர் என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அவர் பணியில் ஒரு பாதியே கையால் நடப்பது. மறுபாதி செவியாலும் நாவாலும் நடப்பது. அம்மறுபாதியைப் பற்றியே பேச விழைகிறேன்.

நான் பணியேற்ற புதிதில், நாற்று நட்டு நட்டு முழங்கால் தேய்ந்த ஓர் அம்மையார் வந்தார். எட்டுப் பயிற்சிகளைக் கூறி, இருவேளையும் செய்யப் பணித்தேன். மறுவாரம் ஒன்றையும் செய்யாது வந்தார். கடிந்துகொண்டேன். தலைகுனிந்து சென்றவர் மீண்டும் வரவேயில்லை. வயலில் ஏவல், வீட்டில் ஏவல். நோய் தீர்க்க வந்த இடத்திலும் ஏவலா? பிழை என்னுடையதே என்று உணரச் சில ஆண்டுகள் ஆயின.

அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் மில்லர், குடிப்பழக்கமுடையோரிடம் உரையாடும் முறையொன்றை 1983இல் எழுதினார். 1991இல் ஸ்டீபன் ரோல்னிக் என்பாருடன் இணைந்து அதனை நூலாக விரித்தார். மாறவேண்டிய காரணத்தை நோயாளியே தம் வாயால் கூறும்போதுதான் மாற்றம் வேரூன்றும் என்பதே அதன் சாரம்.

இம்முறை எங்கள் தொழிலுக்கு மிகவும் பொருந்தும். நாங்கள் வாரக்கணக்கில் நோயாளியைத் தொட்டுப் பணிபுரிகிறோம். தொடுதலின் பொருளை இவ்வவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதில் பிறக்கும் நம்பிக்கையால்தான் புகையிலையைப் பற்றியும் உப்பைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் மனந்திறந்து பேச இயலும்.

பின்னாளில் அதே நோயுடன் மற்றோர் அம்மையார் வந்தார். "முழங்கால் நலமானால் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்டேன். "பேத்தியைப் பள்ளிக்கு நடத்திச் செல்லவேண்டும், ஐயா" என்றார். அமர்ந்தபடி காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தும் ஒரே பயிற்சியைக் காட்டினேன். "எப்போது செய்ய முடியும்?" என்றேன். "உலை கொதிக்கும்வரை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். "செய்துவிடுவோம் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை?" "ஆறு." "மூன்று என்னாமல் ஆறு என்றது ஏன்?" தம் வலிமைகளைத் தாமே அடுக்கிச் சொன்னார். சில மாதங்களில் பேத்தியின் கைபற்றி நடந்தார்.

'நாள்முழுதும் உழைக்கும் எமக்குப் பயிற்சி எதற்கு?' என்பீர்கள். குனிந்து செய்யும் வேலை தேய்ந்த மூட்டையே மேலும் வருத்தும். முறையான பயிற்சியோ அம்மூட்டைத் தாங்கும் தசையை வலுப்படுத்தும். ஆயினும், ஓய்வும் உரிய கூலியும் இல்லாதவரிடம் 'பழக்கத்தை மாற்று' என்று மட்டும் கூறுவது அறமாகாது. அவர் வாழ்வில் எது இயலும் என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இயன்முறை மருத்துவம் வீட்டு வாசலுக்கே வந்தது. அவ்வாசலில் நம் தெருவின் மொழியும் உழைப்பும் அறிந்தவர் நிற்க வேண்டாவா? பள்ளியில் உயிரியல் பயிலும் தம்பிகளே, தங்கைகளே! இப்படிப்பையும் எண்ணிப் பாருங்கள். கற்றுத் தேர்ந்தபின், ஏவாதீர்கள், கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக ஏவப்பட்ட மக்களுக்கு, மதித்துக் கேட்கப்படும் ஒரு கேள்வியும் மருந்தாகும்.