வீட்டுக்கென்று இருந்த இலக்கம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் வீட்டுத் தொலைபேசியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். எங்கள் வயதையொத்தவர்களுக்கு இது ஊரில் தனித்திருக்கும் அம்மா அப்பாவைப் பற்றிய பேச்சு.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோயின. நாங்கள் அப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகள். அவசரமென்றால் சைக்கிளில் ஆள் போய்த்தான் சொல்லவேண்டும். பின்னர் வெளிநாட்டுக் கோலுக்காகக் கொமியூனிக்கேசன் கடைகளில் காத்திருந்தோம். 2002 சமாதான காலத்துக்குப் பிறகே பல வீடுகளுக்கு 021 இல் தொடங்கும் இலக்கம் கிடைத்தது. கம்பி வராத இடங்களுக்கு அன்ரெனா வைத்த சீடிஎம்ஏ போன் வந்தது. கூடவே கைத்தொலைபேசியும் வந்துவிட்டதால், வீட்டுப் போனுடன் நாங்கள் வாழ்ந்தது கொஞ்சக் காலமே.

இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989 இல் ஆரம்பமானது. இன்று சனத்தொகையைவிட இணைப்புகள் அதிகம். அதனால் வந்த நன்மை பெரிது. 1990 என்று அழுத்தினால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வாசலுக்கு வருகிறது. எங்களுக்குத் தொடர்பு அறுந்த ஆண்டே இன்று உதவிக்கு அழைக்கும் இலக்கம்!

ஆனால் ஒன்றை இழந்திருக்கிறோம். பழைய இலக்கம் வீட்டுக்குரியது. யார் வீட்டில் நின்றாலும் எடுப்பார்கள். அது எல்லோருக்கும் மனப்பாடம். கைத்தொலைபேசி ஓர் ஆளுக்குரியது. விடுதியில் வயதானவர்களிடம், "மகளின்ர நம்பர் என்னம்மா?" என்று கேட்டால், "எல்லாம் போனுக்குள்ள தானே கிடக்கு, பிள்ளை" என்கிறார்கள். போனோ சார்ஜ் இறங்கிக் கிடக்கும், இல்லையேல் பூட்டியிருக்கும்.

இது சிறிய விடயமல்ல. பாரிசவாதத்துக்குக் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார், குருதி உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிறாரா என்பதைப் பேசமுடியாத நோயாளி சொல்லமாட்டார். வீட்டார்தான் சொல்லவேண்டும்.

இன்னொன்று, பழைய செப்புக் கம்பிப் போனுக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் அது வேலை செய்தது. இன்றைய ஃபைபர் இணைப்புக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். கைத்தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரிக்கும் ஓர் எல்லை உண்டு. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

வீட்டுப் போனைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. குளியலறையில் விழுந்தவருக்கு விறாந்தையில் இருக்கும் போன் உதவாது. கையிலிருக்கும் போன்தான் உதவும். அந்த வீட்டு இலக்கம் செய்த வேலையை நாங்கள் வேறு வழியில் செய்யவேண்டும்.

பிள்ளையின் இலக்கத்தையும் பக்கத்து வீட்டு இலக்கத்தையும் எடுக்கும் குளிசைகளின் பெயர்களையும் பெரிதாக எழுதி வாசற்கதவருகே ஒட்டுங்கள். ஓர் இலக்கத்தையாவது பெற்றோருக்கு மனப்பாடமாக்குங்கள். பூட்டைத் திறக்காமலே அவசர இலக்கம் தெரியும்படி போனில் பதிந்துவையுங்கள். தொடுதிரை சிரமமானால் பொத்தான் போன் வாங்கிக்கொடுங்கள். தினமும் ஒரு நேரம் குறித்துக் கோல் எடுங்கள். பதிலில்லாவிட்டால் யார் நேரில் போய்ப் பார்ப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

எங்கள் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் தோழிகளின் பெற்றோர் இங்கே எங்கள் ஒழுங்கைகளில்தான் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதித்தால், ஊருக்கு ஊர் ஒரு பட்டியல் தயாரித்து, பக்கத்தில் வசிக்கும் பழைய மாணவி ஒருத்தியின் இலக்கத்தை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அங்கே நள்ளிரவில் பதறும் ஒரு மகளுக்கு, இங்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க ஓர் ஆள் இருக்கட்டும்.