குழந்தைகளுக்கு எந்தக் கடல்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் நின்று இலக்கியம் பேசிய மேடை இது. இதில் ஏறி, சிறு குழந்தைகளோடு விடுமுறைக்கு எந்தக் கடற்கரைக்குச் செல்வது என்று பேசப் போகின்றோம். இதுவும் ஒரு பொருளா எனச் சிலர் புன்னகைப்பது தெரிகின்றது. எனினும், சித்திரை பிறந்துவிட்டால் சரோஜினி நகரில் எந்த வீட்டு வாயிலில் நின்றாலும் காதில் விழும் பேச்சு இதுதானே! எல்.டி.சி. எடுப்பதா, ஊருக்குச் சென்று தாத்தா பாட்டியைக் காண்பதா, குழந்தைகளுக்குக் கடல் காட்டுவதா என்று கணவனும் மனைவியும் கணக்கிடாத இல்லம் இங்கு ஏது?

நம்மில் பலர் கடலுக்கு அருகே பிறந்தவர்கள்; அன்றேல் ஆடி அமாவாசைக்கேனும் கடலாடி வளர்ந்தவர்கள். தில்லியில் பிறந்த நம் குழந்தைகளுக்கு அந்தப் பேறு இல்லை. எங்கள் மூத்த மகள் தமிழ் வகுப்பில் ஐந்திணை படித்தாள். நெய்தல் என்பது கடலும் கடல் சார்ந்த இடமும் எனப் பிழையின்றி ஒப்பித்தாள். ஒப்பித்து முடித்தவுடன், "அம்மா, கடல் யமுனையைவிடப் பெரிதாக இருக்குமா?" என்று கேட்டாள். அன்று இரவே அந்த ஆண்டு விடுமுறை முடிவாகிவிட்டது.

மே மாதம் சொந்த ஊர் சென்றோம். அங்கிருந்து தென்பாண்டிக் கரையில் ஓர் ஊருக்குப் போனோம். ஊரின் பெயர் ஈண்டு வேண்டா. பிழை ஊருடையதன்று, எங்களுடையது. மகள் கடலைக் கண்டு வாயடைத்து நின்றாள். அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். பத்தடி தொலைவில், கணுக்கால் அளவு நீரில், நான்கு வயது மகன் நின்றான். பெரிய அலை ஒன்று வந்து உடைந்து, திரும்பிச் செல்லும்போது அவன் காலடி மணலையும் அவனையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போயிற்று. நாங்கள் ஓடுவதற்குள், கரையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நீரில் பாய்ந்து, பிள்ளையைச் சட்டையோடு பற்றித் தூக்கினார். மகன் உப்புநீரைக் கக்கி அழுதான். அந்த அழுகையைப் போல் எங்களுக்கு இன்பம் தந்த ஒலி வேறில்லை.

முதியவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "ஊரப் பாத்து வந்திருக்கிய, தாயி, காத்தப் பாத்து வரலியே" என்று மட்டும் சொன்னார்.

அன்பர்களே, நாங்கள் சொல்ல வந்த செய்தி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. நாம் முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்கின்றோம். பிறகு விடுதியையும் இரயிலையும் பார்க்கின்றோம். காற்றை மட்டும் நினைப்பதேயில்லை. குழந்தைகளோடு செல்வோர் முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும். அம்மாதத்தில் வீசும் காற்றைப் பார்க்க வேண்டும். அதன் பிறகே ஊரைப் பார்க்க வேண்டும்.

நம் மீனவர் தென்காற்றைச் சோழகம் என்பர்; வடகாற்றை வாடை என்பர். கோடையில் சோழகம் வலுக்கும்போது தெற்கு நோக்கிய கரைகள் கொந்தளிக்கும். மார்கழியில் வாடை வீசும்போது வடக்கு நோக்கிய கரைகள் கொந்தளிக்கும். ஒரே கடற்கரை ஒரு மாதத்தில் தொட்டிலாகவும் மற்றொரு மாதத்தில் பொறியாகவும் இருப்பது இதனால்தான்.

தில்லிப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை மே நடுவிலிருந்து சூன் இறுதிவரை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்குவதற்குரிய வழக்கமான நாள் சூன் 1. சில நாள்களில் அது கோவாவை அடையும். சூன் 11 அளவில் மும்பையைத் தொடும். ஆதலின் சூன் மாதத்தில் கோவளமும் கோவாவும் சூகுவும் பார்ப்பதற்குரிய கடல்களேயன்றிக் குழந்தைகள் இறங்குவதற்குரியன அல்ல. மேற்குக் கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரை விசைப்படகுகளுக்கே மீன்பிடித் தடை உண்டு. மீன்வளம் காப்பது அத்தடையின் நோக்கமாயினும், அம்மாதங்களில் அக்கடலின் சீற்றமும் சிறிதன்று.

மே மாதத்திற்கு மற்றோர் அச்சமும் உண்டு. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து, காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் கேரளக் கரையையும் குமரிக் கரையையும் திடீரெனத் தாக்கும். கள்வனைப் போல் வருவதால் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலைக்கு இரையாயினர். வளர்ந்தவர்களுக்கே இந்நிலை எனின், நம் மழலைகள் எம்மாத்திரம்? ஐதராபாத்தில் உள்ள இன்காயிஸ் என்னும் கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகின்றது. புறப்படும் நாளில் அதைப் பார்த்துக்கொள்வது கைப்பேசி வைத்திருக்கும் எவர்க்கும் எளிது.

அவ்வாறாயின் கோடையில் எங்கே செல்வது? சென்னை மெரினாவை நினைப்போர் பலர். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகன்ற கரை அது. மாலையில் சுண்டல் வாங்கித் தந்து, பட்டம் விட, ஓடியாட அதற்கு இணையில்லை. ஆனால் அங்கே நீர் விரைவில் ஆழமாகிறது. கரையோர நீரோட்டம் வலியது. ஆண்டுதோறும் உயிர்கள் பறிபோவதால் அங்குக் குளிப்பது தடுக்கப்பட்டுள்ளது. தில்லியிலிருந்து நேரே இரயிலில் செல்லத்தக்க பூரியும் பேரலைக் கடலே. குமரிமுனை, 1970இல் எழுந்த விவேகானந்தர் மண்டபத்திற்கும் 2000இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலைக்கும் பாறைகள் மேல் எழும் கதிரவனுக்கும் உரிய இடம். நிசாமுதீனிலிருந்து திருக்குறள் விரைவு இரயில் அங்கு நேரே செல்கின்றது. குழந்தைகளுக்குக் காட்டுங்கள், கடலில் மட்டும் இறக்காதீர்கள்.

அடுத்த ஆண்டு கோடையில் நாங்கள் தேர்ந்தெடுத்தது இராமநாதபுரத்துக் கரை. அங்கே நிலம் கடலுக்குள் நாக்குப்போல் நீண்டு, வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவுமாகக் கடலை இரண்டாகப் பிரிக்கின்றது. பாக் விரிகுடா பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழமே உடையது. வங்கக் கடலின் பேரலைகளை இலங்கைத் தீவு மறைத்து நிற்கின்றது. சோழகம் தெற்கிலிருந்து வீசும் மாதங்களில் வடகரை நிலத்தின் மறைவில் அமைதியாய்க் கிடக்கின்றது. தனுஷ்கோடி செல்லும் வழியில் வண்டியோட்டிகள் இதைப் பெண் கடல் என்றும், மறுபுறத்தை ஆண் கடல் என்றும் காட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். சாலைக்கு இருபுறமும் இரு வேறு கடல்கள், ஒன்று குளம் போலும் மற்றொன்று முழங்கிக்கொண்டும் நிற்பதைக் கண்ணால் கண்டால் நாங்கள் சொல்வது விளங்கும்.

உச்சிப்புளிக்கு அருகில் அரியமான் என்னும் கடற்கரை இருக்கிறது. சவுக்கு மரங்களின் நிழல், நீண்ட மணல், வெகுதூரம் நடந்தாலும் நீர் மெல்லத்தான் உயரும். எங்கள் மகன் முதல் நாள் நீரருகே வர மறுத்தான். இரண்டாம் நாள் எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டு கால் நனைத்தான். மூன்றாம் நாள் மாலை அவனை நீரிலிருந்து வெளியே அழைத்து வருவது பெரும்பாடாயிற்று.

குறைகளையும் மறைக்கக் கூடாது. மே மாத வெயில் கடுமையானது. காலை ஒன்பதுக்குப் பின்னும் மாலை நான்குக்கு முன்னும் கடற்கரையை மறந்துவிட வேண்டும். அக்கினி தீர்த்தத்தில் அலை இல்லை. ஆயின் கூட்டமும், நீராடியோர் விட்டுச்செல்லும் துணிகளும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் ஆதலின் நல்ல மீன் விலையேறியிருக்கும். தொலைவும் சிறிதன்று. தமிழ்நாடு விரைவு இரயிலில் சென்னை சேரவே 2,180 கிலோமீட்டர், முப்பத்து மூன்று மணி நேரம். அதற்கு மேலும் ஓர் இரவு. 2016 ஏப்ரல் முதல், ஐந்து வயது முடிந்த குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டின் முழுக்கட்டணம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்ற இரயில் போக்குவரத்து, 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறக்கப்பட்டபின் மீண்டும் இராமேசுவரம் வரை நடைபெறுவது ஓர் ஆறுதல்.

குளிர்கால விடுமுறையில் செல்வோர் கணக்கைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். சனவரியில் வாடை வீசும். பாக் விரிகுடா சலசலக்கும். அப்போது மன்னார் வளைகுடாக் கரையும் மேற்குக் கரையும் அமைதி பெறும். வெயிலும் இதமாக இருக்கும். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டார்க்கு, விடுப்புக் கிடைக்குமாயின், கோடையைவிடப் பொங்கலை ஒட்டிய நாள்களே சிறந்தவை என்பது எங்கள் கருத்து. தீபாவளி தொடங்கி டிசம்பர் முடிய உள்ள புயல் மாதங்களில் தமிழகக் கரையைத் தவிர்ப்பதே அறிவுடைமை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியை ஓர் இரயிலோடு கடல் கொண்டதும் அதே பெண் கடலின் ஓரத்தில்தான்.

எக்கரைக்குச் சென்றாலும் சில நெறிகள் பொது. இறங்குமுன் அவ்வூர் மீனவரைக் கேளுங்கள்; அவர் வேண்டா என்றால் விடுதிக்காரர் ஆயிரம் சொன்னாலும் இறங்காதீர்கள். நீர் குழந்தையின் முழங்காலைத் தாண்டக் கூடாது. அளவு நம் முழங்காலன்று. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கைக்கெட்டும் தூரத்தில், கைப்பேசியைக் கரையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். காற்றடைத்த மிதவையை நம்பாதீர்கள். கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசினால் குழந்தையை ஆழத்திற்குக் கொண்டு செல்லும் ஓடம் அதுவே.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விடுமுறை கழிந்து திரும்பும் ஒவ்வொரு குடும்பமும், எந்த மாதம் எந்தக் கரைக்குச் சென்றது, கடல் எவ்வாறிருந்தது, குழந்தைகள் இறங்கினரா என்பதை நான்கு வரியில் எழுதுவதற்கு நம் சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைத்தால் என்ன? தவறியவர்களும் தயங்காது எழுத வேண்டும். எங்கள் பிழையை முதற்பக்கத்தில் நாங்களே எழுதித் தருகின்றோம். ஐந்தாண்டில் அது நம் குடியிருப்பின் சொத்தாகிவிடும்.

எங்கள் மகள் இப்போது யாரேனும் கடலைப் பற்றிக் கேட்டால், பெரிது என்று சொல்வதில்லை. "இப்போது என்ன காற்று?" என்று கேட்கின்றாள். அந்த முதியவரின் கடனில் ஒரு பங்கைத் தீர்த்துவிட்டதாக அப்போது எங்களுக்குத் தோன்றுகின்றது.