தலை நிமிர்ந்து நிற்க
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



"தலை நிமிர்ந்து நில்" என்று இளைஞருக்குப் புத்தி சொல்லாத மேடை இல்லை. ஆனால் அந்தத் தலையைத் தாங்கும் கழுத்தைப் பற்றிப் பேசிய மேடையை நான் கண்டதில்லை. பாடசாலைத் தேகாப்பியாசத்திலும் கைக்கும் காலுக்குமே வேலை, கழுத்துக்கு ஓய்வு!

என் அனுபவத்தை முதலிற் சொல்கிறேன். பல்கலைக்கழகத்து முதலாம் வருடப் பரீட்சைக்காக இரவிரவாகக் கட்டிலிற் சாய்ந்து, கைத்தொலைபேசியிலே குறிப்புகளைப் படித்தேன். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் கழுத்து ஒரு பக்கமும் திரும்பாமற் போயிற்று. அம்மா நல்லெண்ணெய் பூசினார். நண்பனொருவன், சலூனிலே கழுத்தை முறித்தாற் சரியாகும் என்றான். நல்ல காலம், அதற்கு முன் வைத்தியரிடம் போனேன். அவர் மருந்தைவிடப் பயிற்சியையே வற்புறுத்தினார். கழுத்தைச் சடுதியாக முறிப்பதால் இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வருவது அரிதாயினும் உண்டு என்றும் எச்சரித்தார்.

நமது தலையின் நிறை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்குபவை கழுத்திலுள்ள 7 எலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளுமே. தலை 60 பாகை குனியும்போது கழுத்தில் ஏறத்தாழ 27 கிலோ சுமை விழுகிறது என்று 2014இல் அமெரிக்க வைத்தியர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். அரை மூட்டைச் சீமெந்தைக் கழுத்திற் சுமந்துகொண்டு படிக்க யார் சம்மதிப்பார்?

நோகும் கழுத்துக்கு ஓய்வே மருந்தென்று பலர் எண்ணுகின்றனர். பின்லாந்திலே நெடுநாட் கழுத்து நோவுடைய 180 காரியாலயப் பெண்களை ஓராண்டு ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கே நோவு மிகக் குறைந்திருந்தது. ஆகவே, கழுத்துக்கு வேண்டியது அளவான வேலை.

அதற்குக் கருவி வேண்டாம். ஒரு கதிரையும் ஒரு பாயும் போதும்.

முதலாவது: நிமிர்ந்திருந்து, தலையைக் குனியாமல், நாடியை நேரே பின்னுக்கு இழுத்து 5 வினாடி நிறுத்துங்கள். இதனை 10 முறை செய்யுங்கள்.

இரண்டாவது: உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் கையைத் தள்ளுங்கள், கை தடுக்கட்டும், தலை அசையக் கூடாது. 5 வினாடி போதும். அவ்வாறே பிடரியிலும் இரு பக்கங்களிலும் ஐந்தைந்து முறை. ஆரம்பத்திற் சிறு பலமே போதும். மூச்சை அடக்காதீர்கள்.

மூன்றாவது: பாயில் மல்லாந்து படுத்து, நாடியை உள்ளிழுத்தபடி தலையை இரண்டு விரல் உயரம் தூக்கிச் சில வினாடி நிறுத்துங்கள். 5 முறை போதும்.

பலன் வரச் சில வாரங்கள் செல்லும், பொறுமை வேண்டும். கையில் விறைப்போ பலவீனமோ, தலைச்சுற்றோ, காய்ச்சலோடு கழுத்து இறுக்கமோ இருந்தாலும், விழுந்து அடிபட்டிருந்தாலும் பயிற்சி வேண்டாம். உடனே வைத்தியரை நாடுங்கள். பழக்கமின்றிச் சிரசாசனமும் முயலாதீர்கள்.

நான் அப்பரீட்சையைக் கழுத்து நோவோடுதான் எழுதினேன். அடுத்த பரீட்சையை நோவின்றி எழுதினேன். இடையில் நான் செய்தது நாளுக்குப் பத்து நிமிடப் பயிற்சியும், புத்தகத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்தியதுமே. உங்கள் வீட்டிலும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் தாயோ சகோதரியோ இருப்பார். இன்றிரவே அவருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இதுவரை செவிசாய்த்தீர்கள், செவி சாய்க்கவும் கழுத்து வேண்டுமல்லவா!