பெரியவர்களைப் படிக்க வைப்பது பாடமா? பக்குவமா?
('பக்குவமே' அணியில் பேசியது)

    

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய நண்பர் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டார். 'அன்பாப் பேசினா அ வந்துடுமா? ஆதரவாப் பேசினா ஆ வந்துடுமா? புத்தகம் வேண்டாமா?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. அய்யா, புத்தகம் வேண்டாம்னு நாங்க சொல்லவே இல்லை. சோத்துக்கு அரிசி வேண்டாம்னு யாராவது சொல்லுவாங்களா? ஆனா அரிசி இருந்தா மட்டும் சோறாயிடுமா? பக்குவமா வடிக்கணுமில்ல? (கைதட்டல்)

குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறது வேற, பெரியவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது வேற. குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு நாம தூக்கிட்டுப் போய் விடறோம். பெரியவங்க தானா நடந்து வரணும். பிடிக்கலைன்னா தானா நடந்து போயிடுவாங்க. நாளைக்கு வரமாட்டாங்க. அப்புறம் பாடத்திட்டத்தை யாருக்கு நடத்துறது? சுவருக்கா?

ஒரு கிராமத்து இரவுப் பள்ளியை நினைச்சுப் பாருங்க. சொல்லிக் கொடுக்கிறவன் பிளஸ் டூ படிக்கிற பையன். எதிர்ல ஆடு மேய்க்கிற பாட்டி. பையன் படத்தைக் காட்டி, 'பாட்டி, இது என்ன?'ன்னு கேட்கிறான். பாட்டி சொல்லுது: 'ஏண்டா, இது ஆடுன்னு எனக்குத் தெரியாதா? இது எத்தனை பல்லு போட்டிருக்கு, சந்தையில என்ன விலைக்குப் போகும்? நீ சொல்லு பாப்போம்!' (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனா அதுக்குள்ள பெரிய உண்மை இருக்கு. அந்தப் பாட்டிக்கு எழுத்து தெரியாது. அவ்வளவுதான். அறிவு இல்லாதவங்க இல்லை. அய்யாயிரம் ரூபாய்க்கு மூணு வட்டின்னா மாசம் 150 ரூபாய்னு நாம காகிதம் தேடறதுக்குள்ள வாயாலேயே சொல்லிடுவாங்க. அவங்ககிட்ட போய், 'ஒண்ணும் ஒண்ணும் எத்தனை?'ன்னு ஆரம்பிச்சா, அது பாடம் இல்லீங்க, அவமானம்!

பேர்லயே பாருங்க. 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கினப்போ, முக்கியமாக் குறி வெச்ச வயசு 15-லிருந்து 35. இருபது வயசுப் பொண்ணைப் பார்த்து, 'முதியோர் கல்விக்கு வாம்மா'ன்னு கூப்பிட்டா வருமா? மாப்பிள்ளை வீட்டுக்காரன் காதில விழுந்தா என்ன ஆகிறது! (சிரிப்பு) தமிழ்நாட்டுல 'அறிவொளி'ன்னு பேர் வெச்சாங்க. கூப்பிடறதுலயே ஒரு பக்குவம் வேணும் அய்யா.

எதிரணி நண்பர், 'மூணு புத்தகம், ஏறத்தாழ 200 மணி நேரம், அதுதான் அறிவொளி'ன்னு சொன்னார். சரி, அந்தப் புத்தகத்தையே திறப்போம். பள்ளிக்கூடத்துல முதல் எழுத்து என்ன? அ. எழுதிப் பாருங்க, எத்தனை வளைவு, எத்தனை சுழி! அருவா பிடிச்ச கை அது. பென்சிலையும் அதே அழுத்தத்துல பிடிக்கும். முனை உடையும். மனசும் உடையும். அறிவொளியில என்ன செஞ்சாங்க? நேர்கோட்டுல எழுதற எழுத்தை முன்னால கொண்டு வந்தாங்க. மேலிருந்து ஒரு கோடு, பக்கத்துல ஒரு கோடு: ட வந்தாச்சு. இன்னொரு கோட்டை மேலே தூக்கினா ப. அந்த ரெண்டையும் வெச்சு, ஆரம்பத்துலயே சொல்லிக் கொடுத்த சொல் என்ன தெரியுமா? 'பட்டா!' காலுக்கடியில இருக்கிற நிலம் யார் பேர்ல இருக்குன்னு சொல்ற காகிதம். கூலிக்காரனுக்கு அதைவிட இனிப்பான சொல் உண்டா? நண்பரே, நீங்க பாடம்னு தூக்கிக் காட்டுற புத்தகமே, யாரோ பக்குவம் தெரிஞ்ச புண்ணியவான் எழுதினதுதான்! (கைதட்டல்)

இது நம்ம ஊர்ல மட்டும் கண்ட உண்மை இல்லை. பிரேசில் நாட்டுல பாவ்லோ பிரையரே என்று ஒரு கல்வியாளர். 1963-ல் அங்கிகோஸ் என்ற சின்ன ஊர்ல சுமார் 300 தொழிலாளிகளுக்கு, ஏறத்தாழ 40 மணி நேரத்துல எழுத்தைச் சொல்லிக் கொடுத்துக் காட்டினார். அவர் முறை என்ன? முதல்ல அந்த மக்களோட உட்கார்ந்து பேசறது. அவங்க வாயில புழங்குற சொல்லைப் பொறுக்கறது. கட்டட வேலை செய்யறவனுக்குச் செங்கல் என்ற சொல். செங்கல்லைப் படமாக் காட்டி, 'இதைச் சுமக்கிறது யாரு? இதுல கட்டின வீட்டுல குடியிருக்கிறது யாரு?'ன்னு முதல்ல பேச்சு. அப்புறம்தான் எழுத்து. அடுத்த வருஷம், 1964-ல், ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. வாத்தியாரைச் சிறையில போட்டுது! எழுத்து சொல்லிக் கொடுத்ததுக்கா போட்டாங்க? கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்ததுக்கு!

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம புதுக்கோட்டைக்கு வாங்க. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோட சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தாங்க. எந்தப் பாடத்திட்டத்துல அய்யா சைக்கிள் இருக்கு? வீட்டுவேலை, வயல்வேலை, கல்குவாரி வேலை முடிச்சு வர்ற பொம்பளைக்கு வேண்டியது நேரமும் கால்சுதந்திரமும். அதைப் புரிஞ்சுக்கிட்டது பக்குவம். 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்னைக்கு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள்ல ஊர்வலம் வந்தாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்கலை. அதுக்காக நின்னாங்களா? ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்க. நடுவுல இருக்கிற கம்பியில பிள்ளையை உட்கார வெச்சுக்கிட்டாங்க! (நீண்ட கைதட்டல்)

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?'ன்னு எதிரணிச் சகோதரி பழமொழி சொன்னாங்க. அம்மா, அவங்க என்ன மூங்கிலா? கேரளத்துல, ஆலப்புழை மாவட்டத்துல கார்த்தியாயினி அம்மான்னு ஒருத்தங்க. 2018-ல் எழுத்தறிவுத் தேர்வு எழுதினாங்க. வயசு 96. மதிப்பெண் நூத்துக்கு 98! நம்ம வீட்டுப் பிள்ளைங்க காதுல விழட்டும்னு இன்னொரு தரம் சொல்றேன், நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! (சிரிப்பு) 2023-ல், 101 வயசுல அந்த அம்மா காலமானாங்க. அந்த வயசுல தேர்வு எழுதலாம்னு அவங்களுக்குத் தைரியம் கொடுத்தது பாடத்திட்டமா? பக்கத்துல உட்கார்ந்த மனுஷங்களா?

இன்னொண்ணு. நாப்பது வயசு தாண்டினவங்க புத்தகத்தை எட்டத் தள்ளிப் பிடிச்சுக் கண்ணைச் சுருக்குவாங்க. வாத்தியார் என்ன நினைக்கிறார்? 'இந்தம்மாவுக்கு எழுத்து ஏறலை'ன்னு நினைக்கிறார். எழுத்து ஏறாம இல்லீங்க, மூக்குல கண்ணாடி ஏறலை! வெள்ளெழுத்து! ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தா அடுத்த வாரம் தினத்தாள் தலைப்பைப் படிப்பாங்க. இதை எந்தப் பாடம் சொல்லும்? பார்க்கிற கண்ணு சொல்லும்.

நடுவர் அவர்களே, கடைசியா ஒரு முக்கியமான சேதி. 'கையெழுத்துப் போட வெச்சாச்சு, கைநாட்டை ஒழிச்சாச்சு'ன்னு பெருமையாச் சொன்னாங்க. கைநாட்டு எங்கே ஒழிஞ்சுது? இன்னைக்கு ரேஷன் கடையில எம்.ஏ. படிச்சவரும் மெஷின்ல விரலைத்தான் வைக்கிறார்! (சிரிப்பு) விளையாட்டு போகட்டும். கைநாட்டு வைக்கிறவங்களுக்கு நாலு பேர் பத்திரத்தைப் படிச்சுக் காட்டுவாங்க. கையெழுத்துப் போட்டுட்டா? 'படிச்சுப் பார்த்துத்தானே போட்டே!'ன்னு கேட்பாங்க. படிக்கத் தெரியாம கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சவ, கைநாட்டுக்காரியைவிடப் பெரிய ஆபத்துல இருக்கா. வீடு போகும், காடு போகும். அதனால, பேரை எழுத வெச்சு அனுப்பிடறதோட நம்ம வேலை முடியலை.

சைக்கிள் ஒரு தரம் கத்துக்கிட்டா மறக்காது. எழுத்து அப்படி இல்லை. புழங்காத எழுத்து துருப்பிடிச்சுப் போகும். அதுக்குத்தான் வளர்கல்வி மையம்னு வெச்சாங்க. அங்கே போறவங்க நிஜ வாழ்க்கையைப் படிக்கணும். பஸ் போர்டு, மாத்திரை அட்டையில இருக்கிற காலாவதித் தேதி, மகளிர் குழுக் கணக்கு நோட்டு, செல்போன்ல வர்ற பேங்க் செய்தி, இதெல்லாம்தான் அவங்களுக்குப் பாடம். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல எழுத்தறிவு ஏறத்தாழ 80 சதவீதம். அப்படின்னா நூத்துல இருபது பேர் வெளியே நின்னாங்க. 2022-ல் மறுபடியும் 15 வயசுக்கு மேற்பட்டவங்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்னு தொடங்கினாங்க. புத்தகம் அச்சடிச்சுடலாம். ஆனா சமையல் முடிச்சுட்டு, இடுப்புல பிள்ளையோட, 'இந்த வயசுல எனக்கெதுக்கு?'ன்னு வெட்கப்பட்டு வாசல்ல நிக்கிற தாயை, 'வாங்கம்மா, உட்காருங்க'ன்னு கூப்பிடறதுக்கு எந்த அச்சகத்துல அய்யா ஆள் அடிப்பாங்க?

உங்க வீட்டுலயும் அப்படி ஒருத்தங்க இருக்கலாம். உங்க அம்மாவா இருக்கலாம், மாமியாரா இருக்கலாம், பாத்திரம் தேய்க்க வர்ற அக்காவா இருக்கலாம். 'உனக்கு இதெல்லாம் புரியாது'ன்னு மட்டும் அவங்ககிட்டச் சொல்லாதீங்க. அந்த ஒரு சொல் போதும், ஆயிரம் புத்தகத்தை மூடிடும்.

எனவே நடுவர் அவர்களே, பெரியவர்களைப் படிக்க வைப்பது, படித்ததை மறக்காமல் காப்பது பக்குவமே, பக்குவமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு வேண்டுகிறேன். (கைதட்டல்)