நாலு விரல் தூரம்

இப்போது வீட்டுக்கு வீடு ஆன்லைனில் கேம் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்றால் என்ன, எக்ஸ்எல்ஆர் மைக் என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் ஆற்றாமை வேறு. யாரோ ஒரு ஸ்ட்ரீமரின் முகத்துக்கு முன்னால் பெரிய கண்டென்சர் மைக் நிற்கிறது என்பதற்காக, எங்கள் வெதுருகுப்பம் பக்கத்துப் பிள்ளைகளும் அதையே தேடி வாங்குகிறார்கள். வாங்கிவிட்டு மூன்றடி தள்ளி உட்கார்ந்து பேசுகிறார்கள். கூட ஆடுகிறவன் காதில் விழுவது என்ன? தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன், கீபோர்டு தட்டுகிற சத்தம், அடுக்களையில் குக்கர் விசில். இவன் குரல் அதற்கெல்லாம் அடியில் எங்கோ கேட்கிறது.

மைக்குக்கும் வாய்க்கும் நாலு விரல் தூரம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் இறங்கும். ஃபேன் சத்தம் இறங்காது, அது அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். தள்ளிப் போகப் போக இன்டர்ஃபேஸில் கெயினைத் திருகி ஏற்றுகிறீர்கள். குரலோடு ஃபேனும் சேர்ந்து ஏறுகிறது. கிட்டப் போங்கள், கெயினைக் குறையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: கிட்டப் போங்கள், கெயினைக் குறையுங்கள்.

நான் மைக் செட் போடுகிறவன். எங்கள் சித்தூர் ஜில்லாவில் கோடை வந்தால் தர்மராஜா கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் அரிகதை, ராத்திரி விடிய விடியத் தெருக்கூத்து. மேடையில் ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் முழங்கும்போது, மேலே கயிற்றில் தொங்குகிற மைக்கில் வேஷக்காரர் பேசுவது கடைசியில் உட்கார்ந்திருக்கிற கிழவிக்கும் விளங்க வேண்டும். துரியோதனன் வேஷம் கட்டுகிற பெரியவர் ஒருவரை நான் பல வருஷம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ரகசியம் பேசுகிற இடத்தில் அடி எடுத்து மைக்குக்கு நேர் கீழே வந்து முகத்தை நிமிர்த்துவார். தொடை தட்டிக் கர்ஜிக்கிற இடத்தில், கிரீடம் ஆடாமல் ரெண்டடி பின்னால் நகர்வார். நான் மிக்ஸரில் கை வைக்கவே வேண்டியிருக்காது. எவ்வளவு பெரிய ஸ்டுடியோவிலும் இதற்கு மேல் மைக் பழக்கம் உள்ள ஆளை நான் பார்த்ததில்லை. அவர் கையில் விலையுயர்ந்த கருவி எதுவும் கிடையாது. தூரத்தை மட்டும் அவர் அறிந்திருந்தார்.

கேம் ஆடுகிறவனுக்கும் அதுதான் வேண்டும். வாலரன்ட்டில் "பின்னாடி ஒருத்தன்" என்று கத்துகிறீர்கள். குரல் பலவீனமாகப் போனால் டிஸ்கார்டின் நாய்ஸ் சப்ரஷன் அதையும் இரைச்சல் என்று எண்ணி முதல் எழுத்துகளை விழுங்கிவிடும். "னாடி ஒருத்தன்" என்று மட்டும் கேட்கும். அதற்குள் சுட்டுவிடுவான்.

மைக் எது? என் பதில் ஷூர் எஸ்எம்58. 1966-ல் வந்தது, இன்றைக்கும் விற்கிறது. டைனமிக் மைக் என்பதால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானைத் தொடவே வேண்டாம். பேச்சைத் தெளிவாக்குகிற அந்த மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். முதுகுப் பக்கச் சத்தத்தை வெகுவாகத் தள்ளிவிடும். ஆகையால் அதன் முதுகைக் கீபோர்டுக்குக் காட்டுங்கள். பலர் சின்ன ஸ்டாண்டில் வைத்து மைக்கை மேல் நோக்கிச் சாய்க்கிறார்கள். அப்போது மைக்கின் முகம் நேரே ஃபேனைப் பார்க்கிறது! கை வைத்த ஸ்டாண்டில் பக்கவாட்டிலிருந்து கொண்டுவாருங்கள். உதட்டுக்கு நேராக இல்லாமல் கன்னத்தோரம் இருந்தால் ப, ப என்ற காற்றடியும் விழாது. கண்டென்சர் நல்ல மைக்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அது அமைதியான அறைக்கு. நம் வீடுகளில் அமைதியான அறை ஏது?

இன்டர்ஃபேஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பெட்டியின் மேல் 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். டிஸ்கார்டில் குரலைச் சுருக்கி அனுப்புகிற ஓபஸ் முறை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. 48-ல் வைத்தால் போதும். கெயினைச் சாதாரணப் பேச்சுக்கு வைக்க வேண்டாம், ஜெயித்தால் எப்படிக் கத்துவீர்களோ அப்படிக் கத்திப் பார்த்து வையுங்கள். சிவப்பு விளக்கு எரியக் கூடாது. ஓபிஎஸ்ஸில் ஸ்ட்ரீம் செய்கிறவர்கள் குரல் இடது காதில் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், ஆடியோ அமைப்பில் மோனோவை டிக் செய்தால் சரியாகிவிடும்.

நாலு விரல் தூரம். திரும்பத் திரும்பச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள்.

தம்பிகளே, தங்கைகளே, காசு போட்டு எதையும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊர் மைக் செட் கடைக்காரரிடம் ஒரு 58-ஐ ஒரு ராத்திரிக்குக் கேட்டு வாங்குங்கள். நண்பனின் இன்டர்ஃபேஸில் மாட்டி, பக்கத்தில் வைத்துப் பேசி, கூட ஆடுகிறவனிடம் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். அவன் சொல்கிற பதிலை வைத்துப் பணத்தை எடுங்கள்.