நம்பிக்கையும் கணக்கும்: சரக்கு வாங்குவதில் அமானத்தைப் பேணுவோம்

(சிறுதொழில் செய்யும் சகோதரர்களுக்காக நம் அறக்கட்டளை நடத்திய வழிகாட்டிக் கூட்டத்தில், இஷா தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





செவ்வாய்பேட்டையில் மளிகை வைத்திருப்பவர்கள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டுபவர்கள், கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் வாங்கிக் கொடுப்பவர்கள், பிரியாணிக் கடை நடத்துபவர்கள் எனப் பலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். விற்பதைப் பற்றி நாம் தினமும் பேசுகிறோம். வாங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் இரவு முழுக்கத் தேடுகிறோம். வாங்கிய பில்லில் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகப் போனால் நமக்குத் தெரிவதே இல்லை.

மற்றவர் குறையைச் சொல்லுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ரமலானில், 600 குடும்பங்களுக்குத் தலா 5 கிலோ அரிசி என்று முடிவு செய்தோம். 25 கிலோ சிப்பம் 120 வேண்டும். நம்மிடம் பல காலம் உழைத்த ஒரு சகோதரரிடம் பொறுப்பைக் கொடுத்தேன். கடையைத் தேர்ந்தெடுத்தவர் அவர். ஆர்டர் கொடுத்தவர் அவர். சரக்கை இறக்கியவர் அவர். பில்லைக் கொண்டுவந்தவரும் அவர். நான் காசோலையில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். விநியோகத்தன்று கடைசியில் 80 குடும்பங்கள் டோக்கனோடு வெறுங்கையாக நின்றன. வந்தது 104 சிப்பம்தான்.

கடைக்காரர் 120 அனுப்பினேன் என்றார். டிரைவர் ஏற்றியதை இறக்கினேன் என்றார். அந்தச் சகோதரர், நம்பி விட்டுவிட்டேன், எண்ணவில்லை என்றார். மறுநாள் நிர்வாகிகள் கைப்பணம் போட்டு அரிசி வாங்கி, அந்த 80 வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆனால் ஊர் வாயை மூட முடியவில்லை. அவர் எடுத்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் எடுக்கவில்லை என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் அறக்கட்டளைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பிறகு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார். ஆனால் மறுபடி எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் பெயரை என் அலட்சியம் கெடுத்தது. 16 சிப்பம் அரிசியைவிட அதுவே எனக்குப் பெரிய நஷ்டம்.

ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சரிபார்ப்பது சந்தேகப்படுவது ஆகாது. நம்பிக்கையானவரைப் பழியிலிருந்து காப்பதற்கே சரிபார்ப்பு.

இது புதிய படிப்பும் அல்ல. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதிவைப்பது, எழுதுபவர் நேர்மையாக எழுதுவது, சாட்சி வைப்பது ஆகியவற்றைப் பற்றியது. தொகை சிறிதானாலும் எழுத அலுத்துக்கொள்ளக் கூடாது என்பதும், பின்னால் சந்தேகம் எழாமல் இருக்க இதுவே வழி என்பதும் அதில் இருக்கின்றன. ஈமான் கொண்டவர்களுக்கே இந்தக் கட்டளை என்றால், அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து என்று நாம் சொல்லலாமா?

சரக்கைச் சோதிப்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். மக்காச்சோளம் வாங்கும் சகோதரர்கள் இதை நினைவில் வையுங்கள். மேல் மூட்டையை மட்டும் பார்த்து இறக்காதீர்கள்.

சரிபார்ப்பு இல்லாவிட்டால் எதுவரை போகும்? 1996 ஜனவரியில், அன்றைய பீகாரில் இருந்த சாய்பாசா நகரில் மாவட்டத் துணை ஆணையர் அமித் கரே கால்நடைத் துறை அலுவலகங்களைச் சோதனையிட்டார். வராத தீவனத்துக்கும் வாங்காத மருந்துக்கும் போலி பில் போட்டு, அரசுக் கருவூலத்திலிருந்து பல ஆண்டுகளாகப் பணம் எடுத்திருந்தார்கள். மொத்தம் சுமார் 950 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. 2013 செப்டம்பரில் முன்னாள் முதலமைச்சர் லாலு பிரசாத் உட்படப் பலரை ராஞ்சி சிபிஐ நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

லாரித் தொழில் செய்யும் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் உண்டு. சரக்கு ஏற்றி வந்ததாகப் பில்லில் காட்டிய வண்டி எண்களை ஆராய்ந்தபோது, சில எண்கள் ஸ்கூட்டருக்கு உரியவை. ஸ்கூட்டரில் டன் கணக்கில் தீவனம் வந்ததாக எழுதியிருந்தார்கள். பில் வந்தது, கையெழுத்து விழுந்தது, பணம் போனது. சரக்கு வந்ததா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை.

சரி, நம் கடையில் என்ன செய்வது?

முதலாவது, நான்கு வேலைகளை ஒரே கையில் கொடுக்காதீர்கள். எது வேண்டும் என்று சொல்வது, ஆர்டர் கொடுப்பது, சரக்கை எண்ணி இறக்குவது, பணம் கொடுப்பது. இரண்டே பேர் உள்ள கடையா? ஆர்டர் கொடுத்தவர் பணம் கொடுக்கக் கூடாது என்ற ஒரு விதியையாவது வையுங்கள். பணம் செலுத்துவதை முதலாளி தன் கையில் வைத்துக்கொள்ளட்டும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு வைக்காதீர்கள். வங்கி ஓடிபியை ஊழியரிடம் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, மூன்று தாள்கள் ஒத்துப்போகாமல் பணம் கொடுக்காதீர்கள். ஒன்று, என்ன விலைக்கு எவ்வளவு கேட்டோம் என்ற ஆர்டர். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். இரண்டு, எவ்வளவு வந்தது என்று இறக்கியவர் எழுதிய சீட்டு, லோடாக இருந்தால் எடைமேடைச் சீட்டு. மூன்று, வியாபாரியின் பில். பில்லைப் பார்த்து எண்ணிக்கையை எழுதக் கூடாது. எண்ணிய பிறகே பில்லைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கொடுத்த பில்லில் உடனே தேதியும் வங்கிப் பரிமாற்ற எண்ணும் எழுதி முத்திரை குத்துங்கள். பில்லின் போட்டோ முதலில் வருகிறது, பத்து நாள் கழித்து அசல் வருகிறது, இரண்டுக்கும் பணம் போய்விடுகிறது. இது திருட்டுக்கூட அல்ல, வெறும் மறதி.

நான்காவது, புதிய வியாபாரி என்றால் அவருடைய ஜிஎஸ்டி எண் உண்மையானதா என்று ஜிஎஸ்டி தளத்தில் பாருங்கள். பழைய வியாபாரி திடீரென்று வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று செய்தி அனுப்பினால், அந்தச் செய்தியில் உள்ள எண்ணைக் கூப்பிடாதீர்கள். உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் ஏமாந்து போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930க்கு அழையுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை நிறுத்துவது கடினம்.

ஐந்தாவது, அன்பளிப்பு. ஜகாத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தார். அவர் தம் வீட்டிலேயே இருந்திருந்தால் அது கிடைத்திருக்குமா என்று நபியவர்கள் (ஸல்) மிம்பரில் நின்று கேட்டார்கள். கடைக்காக வாங்கப் போகும் நம் பையனுக்கு வியாபாரி கொடுக்கும் கமிஷனும் அதே கணக்குத்தான். அந்தக் கமிஷன் நம் பில்லில்தான் ஏறியிருக்கும். அதே சமயம், அந்தப் பையனுக்கு நாம் கொடுக்கும் சம்பளம் அவன் குடும்பத்துக்குப் போதுமா என்றும் முதலாளிகள் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, சரிபார்ப்பதைச் சாக்காக வைத்து வியாபாரியை அலையவிடாதீர்கள். வசதி இருந்தும் பாக்கியை இழுத்தடிப்பதை நபியவர்கள் (ஸல்) அநியாயம் என்றே சொன்னார்கள். சட்டமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும். கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் குறித்த நாளில் கொடுக்க முடியும்.

திரைக்கு அப்பால் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பி.காம். படித்த பெண் பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். வாரம் ஒருநாள் வங்கிக் கணக்கையும் பில்களையும் அவர்கள் உட்கார்ந்து டிக் செய்தால் போதும். அதற்குக் கடைக்கு வரவேண்டியதில்லை.

இப்போது நம் அறக்கட்டளையில் சரக்கை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி எழுதுகிறார்கள். இரண்டு கணக்கும் ஒத்த பிறகே நான் கையெழுத்துப் போடுகிறேன். யார் மனமும் புண்படவில்லை. இது எங்களுக்குப் பாதுகாப்பு என்று எண்ணுபவர்களே சொல்கிறார்கள். அன்றே இதைச் செய்திருந்தால் அந்தச் சகோதரர் இன்று இந்த முன்வரிசையில் இருந்திருப்பார்.

அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. நம் கைகளையும், நம்மை நம்பி உழைப்பவர்களின் மானத்தையும் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.