மண்ணும் மருந்தும்

நோயாளியின் கையிலே மருந்துப் புட்டியொன்று இருக்கின்றது. பாகு தெளிவாய் இருக்கின்றது, நாவுக்கு இனிக்கின்றது. உழவனுடைய வயலிலே மண் கறுத்துக் கிடக்கின்றது. பயிரும் பசுமையாய் நிற்கின்றது. மருந்து நல்ல மருந்துதானா, மண் நல்ல மண்தானா என்பதைக் கண்ணும் மூக்கும் நாவும் சொல்லிவிடுமா? சொல்லமாட்டா. அவற்றை நம்பி மாண்டவர் பலர். புலன்கள் கைவிட்ட இடத்திலே நமக்குத் துணைவருவது பகுப்பு இரசாயனம். அது எழுப்பும் வினாக்கள் இரண்டு: இப்பொருளில் என்ன இருக்கின்றது? எவ்வளவு இருக்கின்றது?

முதலில் மண்ணை எடுத்துக்கொள்வோம். யப்பான் நாட்டின் தோயாமாப் பகுதியிலே ஜின்சு என்றோர் ஆறு ஓடுகின்றது. அதன் மேற்புறத்தேயிருந்த கமியோக்காச் சுரங்கத்தின் கழிவு ஆற்றிலே கலந்தது. ஆற்றுநீர் நெல்வயல்களிற் பாய்ந்தது. ஆண்டுகள் பல சென்றபின், அவ்வூர்ப் பெண்கள் பலருடைய எலும்புகள் நலிந்து, சிறு அசைவுக்கும் முறிந்தன. 'இத்தாய், இத்தாய்' என்று அவர்கள் அலறினர். 'நோகுதே, நோகுதே' என்பது அதன் பொருள். அந்த அலறலே நோயின் பெயராயிற்று. நோய்க்குக் காரணம் கட்மியம் என்னும் உலோகமே என்பதை யப்பானிய அரசு 1968ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்டது. மாசுண்ட வயல்களைச் சீர்செய்யும் பணி 2012ஆம் ஆண்டிலேதான் நிறைவெய்தியது.

மண்ணிலுள்ள கட்மியத்தை எங்ஙனம் அளப்பது? வயலின் ஒரு மூலையிலே ஒரு பிடி மண் அள்ளிவந்தாற் போதாது. பல இடங்களிலே எடுத்து, ஒன்றாய்க் கலந்து, உலர்த்தி, அரித்து, அதிலொரு சிறு பங்கைத் துல்லியமாக நிறுத்து, செறிந்த நைத்திரிக்கமிலத்திலே சூடாக்குவர். உலோகம் கரைசலில் இறங்கிவிடும். அக்கரைசலை நுண்துளிகளாக்கிச் சுடரொன்றினுட் செலுத்துவர். சுடரின் வெப்பத்திலே கட்மியம் தனித்தனி அணுக்களாகப் பிரியும். ஒவ்வொரு மூலகத்தின் அணுவும் தனக்கே உரிய ஒளியை விழுங்கும் இயல்புடையது. கட்மியம் விழுங்குவது 228.8 நனோமீற்றர் அலைநீளமுடைய, கண்ணுக்குப் புலப்படாத ஒளி. அந்த ஒளியைத் தரும் விளக்கைச் சுடரின் ஒரு புறத்தே வைத்து, மறுபுறத்தே வந்துசேரும் ஒளியை அளப்பர். ஒளி குறையக் குறையக் கட்மியம் மிகுதி என்பது தெளிவு. அளவறிந்த கரைசல்களோடு ஒப்பிட்டால், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு கட்மியமும் தப்பாது. இம்முறையை 1955ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவித்தவர் அவுஸ்திரேலியாவிலே பணியாற்றிய அலன் உவோல்சு என்பவர்.

இனி மருந்துக்கு வருவோம். 1937ஆம் ஆண்டிலே அமெரிக்காவில், சல்பனிலமைட்டு என்னும் மருந்தைப் பாகாக்க விரும்பினர். அது நீரிலே எளிதிற் கரையாது. ஆகவே டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்திலே கரைத்தனர். சுவை பார்த்தனர், மணம் பார்த்தனர், நஞ்சா என்று பார்த்தாரில்லை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் குழந்தைகள் பலர். அடுத்த ஆண்டிலே அந்நாட்டில் மருந்துச் சட்டம் கடுமையாயிற்று. எனினும், 2022ஆம் ஆண்டிலே காம்பியா நாட்டிலே ஏறக்குறைய எழுபது குழந்தைகள் மாண்டனர். அவர்கள் அருந்திய இருமற் பாகிலே கண்டறியப்பட்டதும் இதே நஞ்சுதான்.

இந்நஞ்சு கிளிசரினைப் போலவே இனிக்கும். அதனைப் போலவே குழைவாயிருக்கும். இரண்டையும் பிரித்தறிய உதவுவது நிறப்பகுப்பு முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே உருசியத் தாவரவியலாளர் சுவெற்று, இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் நிறைந்த குழாயினூடாக வடியவிட்டார். பச்சையும் மஞ்சளும் வெவ்வேறு பட்டைகளாகப் பிரிந்து நின்றன. இன்று அதே தத்துவத்திலே, பாகின் மாதிரியை ஆவியாக்கி, வாயுவோட்டத்தோடு நீண்ட நுண்குழாயினூடே செலுத்துகின்றனர். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்திலே வெளிவரும். கருவி அதனைக் கோடாக வரைந்து காட்டும். இவ்வாயு முறையை 1952ஆம் ஆண்டிலே யேம்சு, மாட்டின் என்னும் இருவர் வகுத்தனர். கிளிசரினிலே இந்நஞ்சு 0.1 வீதத்தை மிஞ்சலாகாது என்பது மருந்து நியமம்.

நேயர்களே, காம்பியாவிலே குழந்தைகள் மாண்டபோது இக்கருவி எழுபது ஆண்டு பழைமையுடையது. கருவி எவ்வளவு நுட்பமாயினும், கேட்ட வினாவுக்கே விடை தரும். கட்மியத்தைத் தேடும் விளக்கு ஈயத்தைக் காட்டாது. பாகிலே மருந்துச் சத்து எவ்வளவு என்று மட்டும் கேட்டால், அதனோடு கலந்த நஞ்சு மறைந்தே நிற்கும். ஆதலால், மூலப்பொருள் வந்து இறங்கும் ஒவ்வொரு முறையும், 'இதிலே இருக்கத் தகாதது யாது?' என்று கேட்பது கடமையாகும். அந்தக் கேள்விக்கு ஆகும் செலவு சிறிது; கேளாமல் விட்டதன் விலையைத் தோயாமாவின் பெண்களும் காம்பியாவின் தாய்மாரும் அறிவர்.